ரிடெய்னர் வாயில் இருந்ததா, டப்பாவில் இருந்ததா?

பல்லுக்குக் கம்பி போட்டு, ஒன்றரை இரண்டு வருடம் கழித்து அதைக் கழற்றும் நாளில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவையும் கையில் கொடுப்பார்கள். உள்ளே இருப்பது ரிடெய்னர். நகர்த்திய பற்கள் புது இடத்திலேயே நிற்பதற்காகப் போடுவது. கம்பியைப் போல இதை யாரும் பல்லோடு ஒட்டிவிடுவதில்லை. போடுவதும் கழற்றுவதும் போட்டுக்கொள்பவர் கையில். டப்பாவில் கிடக்கும் ரிடெய்னர் தன் வடிவத்தை மட்டும்தான் காப்பாற்றும், பல்வரிசையை அல்ல.

"டெய்லி போடுறியாப்பா?"

"போடுறேன் டாக்டர்."

பல் சீரமைப்பு கிளினிக்குகளில் நாள் முழுக்க நடக்கிற உரையாடல் இது. பதில் சொல்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. போட்ட இரவுகள் ஞாபகத்தில் நிற்கின்றன, போடாமல் தூங்கிப்போன இரவுகள் நிற்பதில்லை. கழற்றி மாட்டும் பல் கருவிகள் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு ஆய்வுரை, நோயாளிகள் தாங்களே சொன்ன நேரத்தையும் கருவிக்குள் வைத்த சென்சார் பதிவு செய்த நேரத்தையும் ஒப்பிட்டது. வாயால் சொன்னது சராசரியாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் கூடுதலாக இருந்தது. 8 மணி நேரம் போட வேண்டிய கருவியில் 5 மணி நேரம் என்பது சின்னப் பிசகு இல்லை.

அதனால்தான் கண்காணிப்பு என்ற பேச்சே வருகிறது. இதில் மருத்துவர்களும் அடிக்கடி தவறவிடுகிற ஒன்று உண்டு. மொத்தம் எத்தனை மணி நேரம் போட்டார் என்பதைவிட, எங்கெங்கே இடைவெளி விட்டார் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். இந்தக் கட்டுரையின் பாதி அதைப் பற்றித்தான்.

பல் ஏன் திரும்பிப் போகிறது

பல்லின் வேர் எலும்பில் ஆணி அடித்ததுபோல் நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே நார்களால் ஆன மெல்லிய படலம் இருக்கிறது. கம்பி போட்டு நகர்த்தும்போது இந்த நார்கள் இழுபட்டும் முறுக்கேறியும் இருக்கும். கம்பியைக் கழற்றியதும் அவை உடனே புது நிலைக்குப் பழகிவிடாது. வேரைச் சுற்றியுள்ள நார்கள் மறுபடி ஒழுங்காக அமைய 3, 4 மாதம் ஆகும். ஈறிலுள்ள கொலாஜன் நார்களுக்கு 4 முதல் 6 மாதம். பல்லின் கழுத்தைச் சுற்றி ரப்பர் போல இழுக்கும் மீள்நார்களுக்கு ஒரு வருடம் வரைகூட ஆகலாம். திருகியிருந்த பல்லை நேராக்கியவர்களுக்கு அதிகம் தொல்லை தருவது இந்தக் கடைசி வகைதான்.

ஒரு வருடம் தாண்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி வரிசை சரிசெய்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ரிடெய்னரை நிறுத்திப் பத்து வருடம் ஆனபின் கீழ் முன்பற்கள் திருப்தியான வரிசையில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கியடித்துக்கொள்வது உண்டு என்பதால், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வரிசை கலையாமல் இருக்க வேண்டுமானால் எத்தனை வருடமானாலும் இரவில் ரிடெய்னர் போட வேண்டும் என்று இன்று பலரும் சொல்வது இதனால்தான்.

எதை அளக்கப் போகிறோம்

அளப்பதற்கு முன் இலக்கு தெளிவாக இருக்க வேண்டும். "ஒழுங்கா போட்டுக்கோங்க" என்பது இலக்கு இல்லை. "ராத்திரி படுக்கும்போது போட்டு, காலையில் எழுந்ததும் கழற்றுங்கள். குறைந்தது 8 மணி நேரம், வாரத்தில் 7 இரவும்" என்பது இலக்கு. சில மருத்துவர்கள் முதல் 3 முதல் 6 மாதம் சாப்பாட்டுக்கும் பல் துலக்கவும் தவிர நாள் முழுக்கப் போடச் சொல்வார்கள், அதாவது 20 முதல் 22 மணி நேரம். சிலர் தொடக்கத்திலிருந்தே இரவு மட்டும் போதும் என்பார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ரிடெய்னரை வைத்து இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட சோதனைகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நடக்காத 22 மணி நேரத்தை எழுதிக் கொடுப்பதைவிட, நடக்கக்கூடிய 8 மணி நேரத்தைக் கேட்பது நல்லது என்பது எங்கள் கட்சி.

ரிடெய்னரில் எந்த வகை என்பதும் தெரிய வேண்டும். அண்ணத்தில் அக்ரிலிக் தகடும் முன்பற்களின் மேல் ஒரு கம்பியும் உள்ளது ஹாலி ரிடெய்னர், 1919 முதல் இருக்கிறது. பல்வரிசை மேல் உறைபோல் உட்காரும் மெல்லிய பிளாஸ்டிக் இன்னொன்று. மூன்றாவது, முன்பற்களின் உட்புறத்தில் ஒட்டிவிடும் கம்பி. ஒட்டிய கம்பிக்கு நேரக் கணக்கு தேவையில்லை. ஆனால் ஒரே ஒரு பல்லில் மட்டும் பசை விட்டுப்போய், அது தெரியாமலே அந்தப் பல் நகர்ந்துகொண்டிருக்கும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு பல்லிலும் ஒட்டு இருக்கிறதா என்று கருவியால் தொட்டுப் பார்ப்பதுதான் அங்கே கண்காணிப்பு. இனி வருவது கழற்றி மாட்டும் வகைகளுக்கு.

சென்சார் இல்லாமல் தெரிந்துகொள்வது

அனுபவப்பட்ட மருத்துவர்களும் உதவியாளர்களும் ஒரு பைசா செலவில்லாமல் நிறையக் கண்டுபிடித்துவிடுவார்கள். நோயாளி ரிடெய்னரைப் போட்டுக்கொண்டு வந்தாரா, பையிலிருந்து எடுக்கிறாரா? கண்ணாடி பார்க்காமல் ஒரே கையால் மாட்டுகிறாரா, விரல்களால் அங்குமிங்கும் அழுத்தித் தேடுகிறாரா? மாட்டிக்கொண்டு பேசச் சொன்னால் வார்த்தை தெளிவாக வருகிறதா, 'ச', 'ஸ' எல்லாம் குழறி எச்சில் ஊறுகிறதா? தினம் போடுகிறவருக்கு நாக்கு சில நாளில் பழகிவிடும். ஒரு மாதம் கழித்தும் குழறினால் விஷயம் புரிந்துவிடும்.

அடுத்து கருவியைப் பாருங்கள். ஆறு மாதம் போட்ட ரிடெய்னரில் நுண்ணிய கீறல்கள் இருக்கும், ஓரம் கொஞ்சம் மங்கியிருக்கும், கடைவாய்ப் பற்கள் இடிக்கிற இடத்தில் கடி தடம் இருக்கும். ஹாலி போடுகிறவரின் அண்ணத்தில் தகட்டின் விளிம்பு லேசான தடமாகத் தெரியும். கடையில் வாங்கியதுபோல் பளபளவென்று இருந்தால் அது டப்பாவில் இருந்த பளபளப்பு.

மாட்டும்போது பொருந்துகிற விதம் எல்லாவற்றையும்விட நிறையச் சொல்லும். சரியாகப் போடப்படும் பிளாஸ்டிக் ரிடெய்னர் கடைவாய்ப் பற்களில் 'டிக்'கென்று உட்காரும். முன்பற்களின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்காது. அங்கே பிறைபோல ஒரு வெற்றிடம் தெரிந்தால் பல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மாட்டியதும் ஈறு வெளுத்து, "டைட்டா இருக்கு" என்று நோயாளி சொன்னால், சில நாளாவது இடைவெளி விட்டிருக்கிறார்.

ஆனால் பொருத்தமும் வரிசையும் விளைவைத்தான் காட்டும், போட்ட நேரத்தைக் காட்டாது. கீழ் முன்பற்கள் ஆறும் ஒன்றையொன்று தொடும் ஐந்து இடங்களில் எவ்வளவு விலகல் என்று மில்லிமீட்டரில் அளந்து கூட்டும் ஒழுங்கின்மைக் குறியீடு 1975 முதல் புழக்கத்தில் உள்ளது. கம்பி கழற்றிய அன்று எடுத்த அச்சையோ ஸ்கேனையோ வைத்து இப்போதைய அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தெரியும். ஒழுங்காகப் போட்டவருக்கும் கொஞ்சம் நகரலாம், போடாதவருக்கு ஒரு வருடம் வரை ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். இதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சொல்லக் கூடாது.

டைரி முறை? டாக்டரைப் பார்க்கப் போகும் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து மூன்று மாதத்தையும் ஒரே பேனாவில் நிரப்பிவிடுவார்கள். எழுத்து சாய்ந்திருக்கும் கோணம்கூட ஒன்றாக இருக்கும்.

வெப்பத்தைக் கணக்கெடுக்கும் சிப்

போட்ட நேரத்தைக் கருவியே பதிவு செய்யட்டும் என்ற யோசனை புதிது இல்லை. தலையைச் சுற்றிப் போடும் பட்டையில் நேரம் காட்டும் கடிகாரம் பொருத்துவது 1974-லேயே வந்துவிட்டது. இன்றைய வடிவம் அதைவிட எளிது. வாய்க்குள் வெப்பம் ஏறக்குறைய உடல் வெப்பம், வெளியே அறை வெப்பம். வெப்பத்தை மட்டும் குறித்துக்கொண்டே போனால் எப்போது உள்ளே இருந்தது, எப்போது வெளியே இருந்தது என்று தெரிந்துவிடும்.

ஆஸ்திரியாவில் உருவான தெராமான் என்ற சென்சாரை எடுத்துக்கொள்வோம். சுமார் 13 மி.மீ. நீளம், 9 மி.மீ. அகலம், நாலரை மி.மீ. தடிமன், அதாவது ஒரு சின்ன மாத்திரை அளவு. உள்ளே வெப்ப உணர்வி, நினைவகம், பேட்டரி எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் மூடியிருக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 96 குறிப்பு. கிளினிக்கில் ஒரு படிப்பான் மேல் ரிடெய்னரை வைத்தால் கம்பியில்லாமல் தகவல் கணினிக்குப் போய்விடும். ஸ்மார்ட் ரிடெய்னர் என்று அமெரிக்காவில் வந்த இன்னொன்றும் இதே கொள்கைதான். தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவர்கள் போடும் வாய்க் கருவிகளிலும் இப்படிப்பட்ட சிப்களை வைக்கிறார்கள்.

சிப்பைப் பதிக்கும் வேலையில் அவசரப்பட்டால் மூன்று மாதத் தகவல் வீணாகும். முதலில் படிப்பானில் வைத்து சென்சாரை இயக்கி, தேதியும் நேரமும் சரியா என்று பார்த்து, அதன் எண்ணை நோயாளி அட்டையில் எழுதிவிடுங்கள். ஹாலியில் மேல் தாடைக்கு அண்ணத்தின் ஒரு பக்கமாக, நடுக்கோட்டை விட்டுத் தள்ளி வைப்பது வழக்கம். கீழ் தாடைக்குக் கடைவாய்ப் பக்கம் நாக்கை ஒட்டிய தகட்டில். மெல்லிய ஒரு அடுக்கு அக்ரிலிக் போட்டு, அதன்மேல் சென்சாரை அமர்த்தி, மேலே இன்னொரு அடுக்கால் முழுக்க மூட வேண்டும். எங்கும் சென்சாரின் ஓரம் வெளியே தெரியக் கூடாது. மெருகூட்டும்போது கொஞ்சம் அதிகம் தேய்த்துவிட்டால் மேல்மூடி மெலிந்து, சில வாரத்தில் எச்சில் உள்ளே புகும். எச்சில் புகுந்த சென்சார் சட்டென்று சாகாது. முதலில் தாறுமாறான எண்களைக் காட்டும், பிறகுதான் நிற்கும். பிளாஸ்டிக் உறை வகையில் தகடே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் உள்ளே புதைக்க இடமில்லை. கடி படாத கடைவாய்ப் பக்கத்தில் வைத்து பிசினால் மூடுகிறார்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு நாக்கையோ கன்னத்தையோ உறுத்தும். உறுத்தல் தாங்காமல் கழற்றி வைத்தால், நேரத்தை அளக்க வைத்த சிப்பே நேரத்தைக் குறைத்துவிட்டது என்று பொருள்.

வேலை முடிந்ததும் மறுபடி ஒரு முறை படித்துப் பாருங்கள். 37 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்து, நாலைந்து குறிப்புகள் அந்த அளவில் வந்திருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு நோயாளியிடம் கொடுப்பது இன்னும் நல்லது.

ஒரு இரவின் பதிவு

சென்சார் தருவது வெறும் வெப்ப எண்கள். அதை நேரமாக்குவது கணினியில் உள்ள ஒரு விதி. வழக்கமாக 33.5 முதல் 39 டிகிரி வரை இருந்தால் வாயில் இருந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு இரவின் பதிவு இப்படி இருக்கலாம்:

10:00 — 27.8
10:15 — 28.1
10:30 — 33.9
10:45 — 35.2
11:00 — 35.6
(இரவு முழுக்க 35-க்கும் 36-க்கும் நடுவே)
5:45 — 35.4
6:00 — 34.8
6:15 — 29.7

10:30 முதல் காலை 6:00 வரை மொத்தம் 31 குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் என்று கணக்கிட்டால் 7 மணி 45 நிமிடம். உண்மையில் 10:15-க்கும் 10:30-க்கும் நடுவே எப்போதோ போட்டிருக்கிறார், 6:00-க்கும் 6:15-க்கும் நடுவே எப்போதோ கழற்றியிருக்கிறார். எனவே சரியான நேரம் ஏழரை மணிக்கும் 8 மணிக்கும் இடையில் ஏதோ ஒன்று. அக்ரிலிக்குக்குள் புதைந்த சென்சார் சூடாகச் சில நிமிடம் பிடிக்கும் என்பதால் பதிவு கொஞ்சம் குறைவாகவே வரும். "7:45 போட்டிருக்கிறாய், 8 மணி நேரம் சொல்லியிருந்தேனே" என்று ஒரு பிள்ளையைக் கடிந்துகொண்டால் தவறு கடிந்துகொண்டவருடையது.

இன்னும் சில குறுக்கீடுகள் உண்டு. வாயைத் திறந்து தூங்குகிறவருக்குக் காற்று உள்ளே போய் அண்ணம் குளிர்ந்துவிடும். நடு இரவில் ஒன்றிரண்டு குறிப்புகள் 33-க்கு இறங்கினால் கழற்றினார் என்று எடுக்காதீர்கள். போட்டபடியே ஐஸ் தண்ணீர் குடித்தாலும் ஒரு குறிப்பு தொப்பென்று விழும். முன்னும் பின்னும் வாய் வெப்பம், நடுவில் ஒரே ஒரு பள்ளம் என்றால் அதையும் போட்ட நேரமாகவே சேர்ப்பது நியாயம். 50 டிகிரிக்கு மேல் ஒரு கூர்முனை தெரிந்தால் வெந்நீரில் கழுவியிருக்கிறார். பிளாஸ்டிக் ரிடெய்னர் வெந்நீரில் வளைந்துவிடும் என்பதால், அதைப் பற்றி அன்றே சொல்லிவிட வேண்டும்.

ஏமாற்ற முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியும், ஆனால் தடயம் நிற்கும். வாயின் பதிவில் எப்போதும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைத்தால் கோடு போட்டதுபோல் நேராகவோ, ஆற ஆற ஒரே சீராக இறங்கியபடியோ இருக்கும். சட்டைப்பையில் வைத்தால் 30-லிருந்து 34 வரை அலைந்துகொண்டிருக்கும். இதைவிடத் தொந்தரவு யாரும் ஏமாற்றாமலே நடப்பது. வெயில் கடுமையான நாளில் அறை வெப்பமே 35, 36 தொட்டால், மேசையில் கிடக்கும் ரிடெய்னரும் "வாயில் இருந்தது" என்று பதிவாகிவிடும். வரைபடத்தின் வடிவத்தைப் பார்த்தால் பிரித்துவிடலாம். வாயில் போடும்போது வெப்பம் படிக்கட்டு போலச் சட்டென்று ஏறும், கழற்றும்போது சட்டென்று இறங்கும். அறை வெப்பம் காலை பதினோரு மணியிலிருந்து மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்கும் குன்று. மணி நேரத் தொகையை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வரைபடத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

சராசரி சொல்லாத கதை

இரண்டு பேரின் ஒரு வாரக் கணக்கு:

முதல் நபர்: ஏழரை, 8, 7, எட்டரை, 8, ஏழரை, 8.
இரண்டாம் நபர்: 13, பன்னிரண்டரை, 0, 0, 0, 14, 15.

இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள், ஒவ்வொன்றும் 54.5 மணி நேரம். சராசரி இருவருக்கும் ஒரு நாளைக்கு 7.8. அறிக்கையில் அந்த ஒரு எண்ணை மட்டும் போட்டால் இருவரும் ஒன்று. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடு எண்ணை எடுத்தால் இன்னும் வேடிக்கை. முதல் நபருக்கு 8, இரண்டாமவருக்குப் பன்னிரண்டரை! நல்ல பிள்ளை என்ற பெயர் இரண்டாமவருக்குப் போகும். ஆனால் மூன்று இரவு இடைவெளிக்குப் பிறகு ரிடெய்னரை மாட்டும்போது இறுகிப் பிடிப்பது அவருக்குத்தான். கம்பி கழற்றிய முதல் மாதங்களில் பல் நகர அந்த மூன்று நாளே போதும். பிறகு 15 மணி நேரம் போட்டு அதை மறுபடி தள்ளுகிறார். பல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது, நார்கள் நிலைபெற நேரமே கிடைப்பதில்லை.

அதனால் ஒழுங்கை அளக்கச் சராசரியோடு இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, குறைந்தது 6 மணி நேரமாவது போட்ட இரவுகள் எத்தனை. இன்னொன்று, தொடர்ந்து போடாமல் விட்ட நீளமான இடைவெளி எத்தனை நாள். மேலே முதல் நபருக்கு 7 இரவு, இடைவெளி 0. இரண்டாமவருக்கு 4 இரவு, இடைவெளி 3. ஆறு மணி நேரம் என்பது வேதவாக்கு இல்லை. ஒரு இரவுத் தூக்கத்தின் பெரும்பகுதி என்று வைத்துக்கொள்ளும் எல்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு பொறி உண்டு, கணக்குப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். கணினிகள் ஒவ்வொரு நாளையும் நள்ளிரவு 12 மணிக்குப் பிரிக்கின்றன. ரிடெய்னர் போடும் இரவோ அந்தப் பன்னிரண்டு மணியைத் தாண்டிப் போகிறது. தினம் இரவு 10:30 முதல் காலை 6 வரை போடும் ஒருவர் புதன்கிழமை இரவு மட்டும் மறந்துவிட்டார் என்று வையுங்கள். புதன்கிழமைக்கு அதிகாலை 6 மணி நேரம் பதிவாகியிருக்கும், அது செவ்வாய் இரவின் மிச்சம். வியாழக்கிழமைக்கு இரவு 10:30 முதல் 12 வரை ஒன்றரை மணி நேரம். ஒரு முழு இரவு தவறியும் பட்டியலில் எங்குமே பூஜ்யம் வராது! ஒரு நாள் 6, ஒரு நாள் ஒன்றரை என்று மங்கலாகத் தெரியும். ஒரு நாள் என்பதை நண்பகல் முதல் மறுநாள் நண்பகல் வரை என்று பிரித்துக் கணக்கிட்டால் தவறிய இரவு பூஜ்யமாக நேருக்கு நேர் நிற்கும். மேலே உள்ள வாரக் கணக்கையும் அப்படித்தான் எடுத்திருக்கிறோம்.

பதிவை வாரவாரியாக அடுக்கினால் சில பழக்கங்கள் கண்ணில் படும். மருத்துவரைப் பார்க்கும் தேதிக்கு முந்தின வாரம் மட்டும் மணி நேரம் கிடுகிடுவென ஏறும். வார இறுதியில் விழும். பரீட்சைக் காலத்தில் விழும், ஊர்ப் பயணத்தில் அடியோடு நின்றுவிடும். சென்சாரின் உண்மையான பயன் இதுதான். "நீ போடுவதில்லை" என்பதற்குப் பதிலாக "வெள்ளி, சனி ராத்திரி மட்டும் விட்டுப்போகிறது, அன்னிக்கு என்ன மாறுது?" என்று கேட்க முடிகிறது. வேறு இடத்தில் தூங்குகிறார் என்றால் பயணப்பையில் இன்னொரு டப்பா வைத்தால் முடிந்தது.

தெராமானில் சுமார் 100 நாள் பதிவுதான் நிற்கும். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னால் பாதிக் கதை கிடைக்காது. முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது படித்துவிடுங்கள்.

நீலப் புள்ளி, போட்டோ, ஆப்

சென்சாருக்கு மலிவான மாற்றாக வந்தது மங்கும் நிறப் புள்ளி. பல்லை நகர்த்தப் போடும் இன்விசலைன் டீன் என்ற பிளாஸ்டிக் உறைகளில் 2008-லிருந்து கடைவாய்ப் பக்கம் நீலப் புள்ளி வைத்தார்கள். உள்ளே இருக்கும் உணவுச் சாயம் எச்சிலில் கரைந்து, சுமார் இரண்டு வாரத்தில் வெளுக்கும். பார்த்ததும் புரியும் என்பது இதன் பலம். எச்சிலுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது என்பது பலவீனம். ஒரு டம்ளர் தண்ணீரிலோ, சுத்தம் செய்யும் மாத்திரை கரைசலிலோ போட்டு வைத்தாலும் வெளுத்துவிடும் என்று சோதித்தே காட்டிவிட்டார்கள். பெற்றோருக்குத் தோராயமான ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக அல்ல.

போனில் வாரம் ஒரு முறை ரிடெய்னர் போட்டபடி படம் எடுத்து அனுப்புவது நல்ல பழக்கம். முன்பற்களின் நுனியில் அந்தப் பிறை வெற்றிடம் தெரிகிறதா என்று படத்திலேயே பார்த்துவிடலாம். படம் எடுத்த நொடியில் வாயில் இருந்தது என்பதற்குமேல் அது எதையும் நிரூபிக்காது.

நினைவூட்டும் ஆப்கள் மேல் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ரிடெய்னர் போடுகிறவர்களுக்கென்றே தயாரித்த ஒரு ஆப்பை சென்சார் வைத்து ஒரு வருடம் சோதித்த ஆய்வு 2020-இல் வந்தது. ஆப் வைத்திருந்தவர்களும் இல்லாதவர்களும் போட்ட நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மாறாக, கருவிக்குள் சென்சார் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களைவிட அதிக நேரம் போடுகிறார்கள் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. தெரிந்தே கூடுகிறது என்றால் மறைத்து வைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. சொல்லாமல் சிப் வைத்து, மூன்று மாதம் கழித்து வரைபடத்தை முகத்துக்கு நேரே நீட்டினால், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எதையும் உண்மையாகச் சொல்லாது. என்ன பதிவாகும், யார் பார்ப்பார்கள், அம்மா அப்பாவுக்குக் காட்டுவோமா என்று முதல் நாளே சொல்லி, சம்மதம் வாங்கிவிட வேண்டும். வயது வந்தவரானால் அவருடைய சம்மதம், சிறுவரானால் பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் ஒப்புதலும்.

சிப் இல்லாதவர் வீட்டிலேயே செய்யக்கூடியது

பெரும்பாலானோரின் ரிடெய்னரில் எந்த சென்சாரும் இருக்காது. அவர்களுக்கும் வழி உண்டு. டப்பாவைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே வையுங்கள், அலமாரிக்குள் அல்ல. இரவில் பிரஷ் செய்ததும் ரிடெய்னர் வாய்க்கு, டப்பா திறந்தபடி அங்கேயே. படுக்கப் போகும்போது டப்பா மூடியிருந்தால் போடவில்லை என்று அதுவே சொல்லிவிடும். நாள்காட்டியில் குறிப்பதானால் காலையில் கழற்றும்போது குறியுங்கள். இரவில் போடும்போது குறித்தால், தூக்கத்தில் கழற்றித் தலையணைக்கு அடியில் போட்ட இரவும் போட்டதாகக் கணக்காகிவிடும்.

மாட்டும்போது எவ்வளவு இறுக்கம் என்பதையும் பக்கத்தில் ஒரு எண்ணாகக் குறிக்கலாம். 0 என்றால் இறுக்கமே இல்லை. 1 என்றால் லேசாக, சில நிமிடத்தில் போய்விடும். 2 என்றால் காலை வரை பல் கூசுகிறது. 3 என்றால் முழுக்க உட்காரவே இல்லை. தினம் போடுகிறவருக்கு மாதக் கணக்கில் 0 வந்துகொண்டே இருக்கும். திடீரென்று 1 வந்தால் இரண்டு மூன்று நாள் முன்னால் என்ன விட்டுப்போனது என்று திரும்பிப் பாருங்கள். 2 வந்தால் அடுத்த சில நாளைக்குச் சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்கப் போட்டுவிட்டு, இறுக்கம் 0-க்கு வந்ததும் இரவுக்குத் திரும்பலாம். ஒரு வாரத்தில் இறங்கவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

3 வந்தால் கடித்து அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் விரிசல் விடும், ஹாலியின் கம்பி வளையும், பல்லும் தேவையில்லாத பக்கம் தள்ளப்படும். வெந்நீரில் போட்டு இளக்கிப் பார்க்கவும் கூடாது. ரிடெய்னரை அப்படியே டப்பாவில் வைத்து, அன்றே கிளினிக்குக்கு போன் செய்து, கடைசியாக எந்த இரவு சரியாக உட்கார்ந்தது என்று நாள்காட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள். புது ரிடெய்னர் செய்ய அச்சு எடுப்பதா, பழைய இடத்துக்குப் பல்லை மறுபடி நகர்த்துவதா என்று மருத்துவர் முடிவு செய்ய அந்தத் தேதி உதவும்.